கால் முறிந்தால் மாடு முடிந்ததா?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் மாடு காயப்பட இடத்துக்குக் குறைவே இல்லை. மழைக்காலத்தில் சறுக்கும் சரிவு, புல் மூடிய கான், இறப்பர் மரங்களுக்கு நடுவே பாசி பிடித்த பாறை. பெல்மதுளை, நிவித்திகலைப் பக்கமென்றால் மாணிக்கம் தேடி வெட்டிவிட்டு மூடாமல் போன குழி. மேய்ச்சலுக்குக் கட்டிய மாடு கயிற்றோடு சரிந்து கிடக்கும். பிள்ளை ஓடிவந்து லயத்தில் சொல்லும். பத்துப் பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு நம்பிக்கையைச் சொல்வார்கள். மிருக வைத்தியர் வந்து சேருவதற்குள் மாட்டின் கதி பாதி முடிவாகிவிடும்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அப்படிப்பட்ட சம்பளத்தில் ஓடுகிற வீட்டில் பால் தரும் ஒரு மாடு என்பது பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கடைக் கணக்கு, அவசரத்துக்கு அடகு வைக்காமல் தப்பும் வழி. அதோடு அந்த மாட்டுக்குப் பேர் உண்டு, பொங்கலுக்குப் பொட்டு உண்டு. அதனால்தான் இந்த முடிவு இவ்வளவு கனக்கிறது. கனமான முடிவைத் தப்பான தகவலை வைத்து எடுக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

“கால் முறிஞ்ச மாடு இனி நிக்காது. வந்த விலைக்குக் குடுத்துருங்க.”

இது குதிரைக்குப் பெரும்பாலும் பொருந்தும். தொரைமார் குதிரையேறி மலை சுற்றிய காலத்தில் குதிரையைப் பற்றிச் சொன்னது மாட்டுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. குதிரையின் கதையையே முதலில் பார்ப்போம். 2006 மே மாதம் அமெரிக்காவில் பார்பரோ என்ற பந்தயக் குதிரைக்கு ஓட்டத்தின் நடுவே பின்னங்கால் நொறுங்கியது. இரண்டு வாரம் முன்புதான் அது கென்டக்கி டெர்பியை வென்றிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையில் உலோகத் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைப் பொருத்தினார்கள். பணத்துக்கும் திறமைக்கும் குறைவில்லை. ஆனாலும் 2007 ஜனவரி 29 அன்று ஊசி போட்டு அதன் உயிரை முடிக்க வேண்டி வந்தது. அதை விழுத்தியது முறிந்த எலும்பு அல்ல. அடிபட்ட காலை ஊன்ற முடியாத குதிரை மற்றக் கால்களில் முழுப் பாரத்தையும் போடும். குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய இழைகள் அந்தப் பாரத்தில் இரத்த ஓட்டம் குறைந்து அழற்சி கண்டு பிய்ந்துவிடும். நல்ல கால்கள்தான் கெட்டுப்போகின்றன. குதிரையால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்கவும் முடியாது.

மாட்டின் உடம்பு வேறு. நலமாக இருக்கும் மாடே ஒரு நாளில் 12 மணித்தியாலம்போலப் படுத்து அசைபோடும். காயப்பட்டால் பொறுமையாகப் படுத்திருக்கும், காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆகவே, “கால் முறிந்ததா” என்று கேட்டால் போதாது. எந்த எலும்பு, தோல் கிழிந்ததா, மாடு எவ்வளவு கனம் என்று கேட்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்காலிலோ, அதே இடத்தில் பின்காலிலோ எலும்பு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு. கன்றென்றால் மாவுக்கட்டுப் போட்டு நாலு, ஆறு வாரத்தில் பொருந்துவது சாதாரணம். வளர்ந்த மாட்டுக்கு இன்னும் நாளாகும், ஆனாலும் முடியும். தொடை எலும்பு, தோள் பக்கத்து எலும்பு முறிந்த முழு வளர்ச்சியடைந்த பசுவுக்கு நம்பிக்கை மிகக் குறைவு. எலும்பு வெளியே துருத்தி, மண்ணும் சாணமும் பட்டிருந்தால் இன்னும் குறைவு.

டொக்டர் வரும்வரை மாட்டை நடக்க வைக்கக் கூடாது. நடந்தால் கூரான எலும்பு முனை உள்ளிருந்து தோலைக் கிழித்து, ஆறக்கூடிய முறிவை ஆறாத முறிவாக்கிவிடும். மூங்கிலைப் பிளந்து வரிச்சு கட்டுவது நல்ல பழக்கம்தான், கட்டும் விதம்தான் முக்கியம். முறிந்த இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி வரிச்சு நீளமாக இருக்க வேண்டும். உள்ளே பழைய துணியை மெத்தென்று சுற்ற வேண்டும். பலமாக இறுக்கினால் எலும்பு சீக்கிரம் ஒட்டும் என்று சொல்வது ஆபத்து. இரத்தம் ஓடாத கால் கட்டுக்குக் கீழே குளிர்ந்து, நாறி, குளம்பு கழன்று விழும். அப்படிக் கால் போன மாடுகளை முறிவு கொல்லவில்லை, கயிறுதான் கொன்றது.

“விழுந்து எழும்பாத மாட்டுக்கு இடுப்பு போச்சு.”

என் மனதை மிகவும் வருத்தும் நம்பிக்கை இதுதான். இதனால் பிழைக்க வேண்டிய மாடுகள் இறைச்சிக்குப் போகின்றன. கன்று போட்டு மூன்று நாளுக்குள் ஒரு மாடு விழுந்தால், அதுவும் மூன்றாவது நாலாவது ஈற்று, நன்றாகக் கறக்கும் மாடென்றால், அடிபட்டதென்று முடிவு கட்டுவதற்கு முன் காதைத் தொட்டுப் பாருங்கள். காது குளிர்ந்திருக்கிறதா? தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மந்தமாகக் கிடக்கிறதா? அப்படியென்றால் அது பால் காய்ச்சலாக இருக்கலாம். பேர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. சீம்பாலுக்கு ஒரேயடியாகச் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட, தசைக்கு வேலை செய்யச் சத்தில்லாமல் போகிறது. கல்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால், சில மணித்தியாலத்தில் எழுந்து நிற்கும் மாடுகள் ஏராளம். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் அதை வைத்தியர்தான் செய்ய வேண்டும்.

அந்த நேரத்தில் வாயைப் பிளந்து கசாயமோ, சாராயம் கலந்த கோப்பியோ மூங்கில் குழாயால் ஊற்றுவதை நிறுத்துங்கள். அந்த மாட்டுக்கு விழுங்கும் சக்தி இல்லை. ஊற்றியது நெஞ்சுக்குள் இறங்கி, கல்சியத்தால் பிழைத்த மாடு சளி முட்டிச் செத்துப்போகும்.

காரணம் எதுவானாலும், விழுந்து கிடக்கும் நேரமே தனி நோய். ஐந்நூறு கிலோ உடம்பு ஒரு பின்காலை அழுத்திக்கொண்டு சீமெந்துத் தரையில் ஆறேழு மணித்தியாலம் கிடந்தால் அந்தக் காலின் தசையும் நரம்பும் செத்துப்போகத் தொடங்கும். பிறகு முதல் காரணம் தீர்ந்தாலும் மாடு எழாது. ஆகவே பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாமல் நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மண்மூட்டை முட்டுக் கொடுங்கள். பக்கவாட்டில் கிடந்தால் வயிறு ஊதி மூச்சு முட்டும். காய்ந்த மானாப்புல்லை முழங்கை ஆழத்துக்குப் போடுங்கள். மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும், பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். பெரட்டுக்குப் போகிற வீட்டில் இதற்கு ஆள் வேண்டும். அயல் காம்பறாக்காரர்கள் முறை போட்டுக்கொண்டு செய்தால்தான் முடியும். முடியாதென்றால், முடியாதென்று முதல் நாளே சொல்லிவிடுவது மாட்டுக்குச் செய்யும் உதவி.

குழிக்குள் விழுந்த மாட்டைக் கழுத்திலோ கொம்பிலோ வாலிலோ கயிறு போட்டு இழுக்கக் கூடாது. சாக்கு சுற்றிய அகலப் பட்டியை நெஞ்சுக்கூட்டின் கீழ் கொடுத்துத் தூக்க வேண்டும். குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி மாட்டைத் தானாக ஏற விடுவது அதைவிட நல்லது. கைவிட்ட மாணிக்கக் குழியில் மனிதர் இறங்குவதற்கு முன் மண் சரியுமா, உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டைக் காப்பாற்றப் போய் ஆளைப் பறிகொடுக்கக் கூடாது.

“புண்ணுல மண்ணெண்ணெய் ஊத்துனா புழு செத்துரும்.”

புழு சாகும். கூடவே ஆறத் தொடங்கிய தசையும் வெந்துபோகும். கழிவு எண்ணெய், புகையிலைச் சாறு, பற்றரிக் கரி எல்லாம் இதே கணக்குத்தான். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புத் தண்ணீரால் நிறையக் கழுவி, ஈ மொய்க்காமல் சுத்தமான துணியால் மூடி, புழுவை வைத்தியர் தரும் மருந்தால் எடுக்க வேண்டும். ஈரமும் அட்டையும் நிறைந்த நம் மலைகளில் ஒரு பகல் திறந்து கிடந்த புண் மறுநாள் வேறு புண்.

“ஊசி போட்ட மாட்டுப் பாலைக் காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் இல்ல.”

காய்ச்சுவதால் கிருமி சாகும், பாலில் இறங்கிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்து போகாது. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ஊசி போடும்போதே கேளுங்கள். அந்தப் பால் பிள்ளைக்கும் வேண்டாம், பால் சேகரிப்பு நிலையத்துக்கும் வேண்டாம். வருமானம் நின்ற நாளில் இதைச் சொல்வது கடுமைதான். ஆனால் பென்சிலின் ஒவ்வாத ஒரு பிள்ளைக்கு அந்தக் கோப்பை உயிராபத்து.

இன்னொன்று, சுருக்கமாக. காயமில்லாமல் வாயில் எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறதென்று கையை விடாதீர்கள். விசர்நாய்க்கடி நாயோடு நிற்பதில்லை, மாட்டுக்கும் வரும். எச்சில் பட்ட கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“பின்னவலை யானையே மூணு கால்ல நடக்குது, நம்ம மாடு நடக்காதா?”

கேகாலைப் பக்கத்தில் இதைச் சொல்வதில் வியப்பில்லை. 1975இல் தொடங்கிய பின்னவலை யானைகள் சரணாலயத்தில், கண்ணிவெடியில் முன்கால் பாதத்தை இழந்த சமா என்ற பெண்யானையைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் அங்கே பாகன்மாரும் மிருக வைத்தியரும் நாள்தோறும் பக்கத்தில் இருக்கிறார்கள், உணவும் தண்ணீரும் தேடிவரும். சரிவான மலையில், இரண்டடி அகலப் பாதையில், பால் நிறைந்த மடியோடு மூன்று காலில் நிற்கும் பசுவின் நிலை வேறு. சமாவைப் பார்த்து நம்பிக்கை கொள்வதில் தப்பில்லை, ஆனால் அந்த நம்பிக்கைக்குத் தேவையான உழைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“ஊசி போட்டுக் கொல்றது பாவம். அதுவாச் சாகட்டும்.”

இந்த வார்த்தையைச் சொல்பவர்கள் கல்மனசுக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் அந்த மாட்டை மிகவும் நேசித்தவர்களே. அதனால் மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்துபோனார். அடுத்த ஆண்டு அவருடைய சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று ஊனமுற்று விழுந்து கிடந்தது. தீனி எடுக்கவில்லை. வேதனையில்லாமல் புரண்டு படுக்கக்கூட அதனால் முடியவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார். ஆசிரமத்தாரோடு பேசினார் காந்தி. கொடுக்க முடியாத உயிரை எடுக்க உரிமையில்லை என்று அங்கேயே எதிர்ப்பு வந்தது. அதைக் கேட்ட பிறகும், தான் பக்கத்தில் நின்று ஒரு டொக்டரைக் கொண்டு ஊசி போட வைத்தார். பிறகு அதை மறைக்காமல் தன் நவஜீவன் இதழில் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. அகிம்சையைத் தன் வாழ்க்கையாக வைத்த மனிதர், அந்தக் கன்றின் வேதனையை முடித்ததை அகிம்சையின் பகுதியாகவே கண்டார்.

காந்தி செய்ததால் சரி என்று நான் சொல்லவில்லை. அவர் அந்த முடிவுக்கு வந்த முறை சரி. வைத்தியரின் தீர்ப்பு, மாற்று வழி இல்லை என்ற தெளிவு, மற்றவர்களோடு பேச்சு, கடைசிவரை பக்கத்தில் நிற்றல். தொடை எலும்பு நொறுங்கிய பசுவை லயத்துக்குப் பின்னால் ஓலைக்குக் கீழே போட்டு, எறும்பும் ஈயும் மொய்க்க, நாலைந்து நாள் முனகவிட்டு, “நம்ம கையால போகல” என்று சொல்வதில் எந்தப் புண்ணியமும் இல்லை. அந்த நாலைந்து நாளும் நாம் செய்த முடிவுதான்.

“யாவாரிக்குக் குடுத்துட்டா பாவம் அவனோட போகும்” என்பதும் இதே வகை. எழ முடியாத மாட்டைக் கயிற்றால் இழுத்து லொறியில் ஏற்றி, எட்டியாந்தோட்டை வளைவுகளில் உடைந்த காலோடு கொண்டுபோவது அந்த மாட்டுக்கு நாம் கொடுக்கும் கடைசி நாள். மருந்து ஏற்றிய மாட்டின் இறைச்சி, தின்பவர்களுக்கும் தீங்கு. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் அதில் எழுதியிருந்த 100 ரூபாய்த் தண்டத்தால் யாரையும் தடுத்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர்தான் தடுக்க வேண்டும்.

எப்போது முடிவெடுப்பது? முதல் நாளே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். அடிபட்ட இடம், எலும்பு தெரிகிறதா, சாணம் போட்டதா, தண்ணீர் குடித்ததா, கன்று போட்டு எத்தனை நாள் என்று தொலைபேசியிலேயே சொன்னால் தேவையான மருந்தோடு வருவார்கள். சின்னக் கன்றென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் நடக்கக்கூடியது. தீனி எடுக்கிறது, சுற்றிலும் பார்க்கிறது, எழ முயற்சி செய்கிறது என்றால் நாள் கொடுக்கலாம். தீனியை விட்டு, பல்லைக் கடித்து, எழும் முயற்சியையும் கைவிட்டு, புண்ணும் நாறினால் நாள் கடத்துவது நம் ஆறுதலுக்காக மட்டுமே.

முடிவெடுத்தால், மாட்டை வளர்த்த ஆள் கயிற்றைப் பிடித்திருக்கட்டும், அது பயப்படாது. பெரிய பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். வித்துவிட்டோம் என்று பொய் சொன்னால் அவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள். ஊசி போட்ட உடலை யாரும் உண்ணக் கூடாது, நாயும் தோண்டக் கூடாது. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு, பீலித் தண்ணீருக்கும் கானுக்கும் தூரமாக, மண் சரியாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். அப்போதுதான் பிறந்த கன்று இருந்தால், தாய்க்கு மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன்பே சீம்பாலைக் கறந்து கன்றுக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறந்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் அதன் முழுப்பலன் கிடைக்கும். தாயிடம் கறக்க முடியாவிட்டால், அதே கிழமை கன்று போட்ட மாடு எந்த லயத்தில் நிற்கிறது என்று விசாரித்துப் போத்தலோடு போங்கள்.