முதுமையிற் பிறர் கைபாரா வாழ்வு

முதியோரிடம் அவர்தம் வேண்டுதல் யாதென வினவின், நீண்ட ஆயுளை அவர் முதலிற் கூறார். பாயோடு பாயாய்க் கிடவாமல், பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் இருத்தல் வேண்டும் என்றே பெரும்பாலார் கூறுவர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 12.4 வீதத்தினர். அத்தொகை மேலும் பெருகிவருதலின், அவ்வேண்டுதலின் உட்பொருளை ஆராய்தல் ஒவ்வொரு வீட்டாருக்கும் பயன்தருவதாகும்.

பிறர் கைபாராது வாழும் ஆற்றலை அளத்தற்கு 1963இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி காட்ஸ் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் ஆறு கருமங்களை எடுத்துக்கொண்டனர். நீராடல், உடுத்தல், மலசலகூடஞ் சென்று வருதல், படுக்கையினின்று எழுந்து கதிரையில் அமர்தல், மலசலத்தை அடக்குதல், உண்ணல் என்பன அவை. இவற்றுட் பொதுவாக முதலிற் கைவிட்டுப் போவது நீராடல். இறுதிவரை எஞ்சி நிற்பது உண்ணல். சமைத்தல், கடைக்குச் செல்லல், பணக்கணக்குப் பார்த்தல், மருந்தை வேளை தவறாது உட்கொள்ளல் முதலிய கருமங்களை 1969இல் லோட்டன், புரோடி என்னும் இருவர் வேறொரு பட்டியலில் வகுத்தனர்.

நீராடல் முதலிற் கைவிடுவது ஏன்? கிணற்றடியில் நிற்கும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். பாசி படிந்த இடத்தைக் கண் காணல் வேண்டும். வழுக்கலைப் பாதம் உணர்தல் வேண்டும். உட்செவியிலுள்ள சமநிலைப் பொறி உடலின் சாய்வை அறிவித்தல் வேண்டும். கால்கள் உடலைத் தாங்கல் வேண்டும். அடுத்துச் செய்யவேண்டியதை மனம் ஒழுங்குபடுத்தல் வேண்டும். ஆகவே புலன், அறிவு, நடை என்னும் மூன்றும் ஒருங்கு கூடியவிடத்தே ஒரு சிறு கருமம் நிறைவேறுகின்றது.

இம்மூன்றும் தனித்தனி நிற்பனவல்ல. பேர்லின் நகரில் 70 வயதுக்கு மேற்பட்டோரிடையே 1990இல் தொடங்கிய ஆய்வொன்றில், கண்ணுஞ் செவியுங் கூர்மை குன்றியோர் அறிவுச் சோதனைகளிலும் குன்றி நின்றமையை லிண்டன்பேர்கர், பால்ற்றிஸ் என்போர் கண்டு 1994இல் வெளியிட்டனர். சுவீடனில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேர் நடக்கும்போது அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தனர். பேசுவதற்காக நடையை நிறுத்தியோர் 12 பேர். அவருள் 10 பேர் அடுத்த ஆறு மாதத்தினுள் விழுந்தனர். 1997இல் வெளியான இவ்வாய்வு, தளர்ந்த நடைக்கு மனத்தின் கவனமும் செலவாகின்றது என்பதைக் காட்டுகின்றது. செவி மந்தமானவரும் அவ்வாறே. சொற்களைப் பிடித்துக்கொள்வதிற் செலவான கவனம், அவற்றை நினைவில் வைத்தற்குப் போதாமற் போகின்றது. மறதியென நாம் கருதுவது சில வேளைகளிற் கேளாமையே.

ஒன்று குறைய மற்றையவை சுமை தாங்குமாயின், ஒன்றைச் சீர்செய்ய மற்றையவை இளைப்பாறும் எனக் கருதுதல் பொருந்தும். கண்புரையை அகற்றல், செவியைச் சோதித்து வேண்டுமாயின் கருவி பொருத்தல், இரவில் மலசலகூடம் வரை விளக்கு வைத்தல், கிணற்றடியிற் கைபிடி அமைத்தல் ஆகியன பெருஞ் செயல்களல்ல. கால்வலுவும் மீளும். பொஸ்ரன் நகரில் 90 வயதை அண்டிய 10 பேருக்கு வைத்தியர் மேற்பார்வையில் எட்டு வாரம் பயிற்சி அளித்தபோது, பயிற்சியை முடித்தோரின் கால்வலு சராசரியாக இருமடங்கிற்கு மேலாயிற்று என 1990இல் அறிவிக்கப்பட்டது.

இங்கு நம் வீடுகளில் நிகழும் தவறொன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. அன்பின் மிகுதியால் தாயை அடுக்களையினின்றும், தந்தையைச் சந்தையினின்றும் விலக்கி, "நீங்கள் சும்மா இருங்கள்" என்கின்றோம். வழங்காத ஆற்றல் விரைவிற் குன்றும். நாம் செய்த உபசாரமே அவரைப் பாயில் வீழ்த்தும் காரணங்களுள் ஒன்றாகலாம். கருமத்தைப் பறித்துச் செய்தல் ஓர் உதவி. கருமத்தை அவரே செய்தற்கு வழியைச் சீராக்கல் மற்றோர் உதவி. பின்னையதே முதியோர் வேண்டுவது.

மாணவர்களே, பாட்டனார் நடந்துகொண்டிருக்கையிற் பின்னின்று கூவாதீர்கள். அவர் அமர்ந்தபின், முகத்தில் வெளிச்சம் படுமாறு முன்னே நின்று, நிதானமாகப் பேசுங்கள். சந்தைக்கு அவருடன் செல்லுங்கள். பையை நீங்கள் சுமக்கலாம், கணக்கை அவர் பார்க்கட்டும்.