கூலி வேறு, அன்பளிப்பு வேறு



நோன்புப் பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு இந்த வருஷம் என்ன கொடுப்பது?" என்பதே அது. பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்து, உறவினர்களுக்குப் பலகாரம் பங்கிட்ட பிறகு, கடைசி நாளில் கைக்கு அகப்பட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுகிறோம். பகலெல்லாம் நம் குழந்தையை நம்பி ஒப்படைத்திருக்கும் ஒருவருக்குச் செய்யும் நன்றி அவ்வளவு எளிதான விஷயமன்று. ஆதலால் அதை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதற்பாடம்: ஹக்கை முதலில் கொடுத்தல்

ஒருவருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்த பிறகு, அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பதே அன்பளிப்பு. சிங்கப்பூரில் பணிப்பெண்ணின் சம்பளத்தை, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. 2013-ஆம் ஆண்டு முதல் வாரம் ஒரு நாள் ஓய்வு அவர்களுடைய உரிமையாயிற்று. அவர்கள் சம்மதித்தால் ஓய்வுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கலாம். ஆயினும் 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு நாளையேனும் பணத்தால் ஈடு செய்ய இயலாது. ஊர் திரும்பும் பயணச் செலவும் வேலை கொடுத்தவரையே சாரும். ஆக, ஓய்வு நாளும் விமானச் சீட்டும் நாம் வழங்கும் பரிசுகள் அல்ல.

இதில் நாமும் தவறியதுண்டு. ஒரு வருஷம், ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையில் நம் விருந்தினர்களுக்காக நின்று சமைத்த இந்தோனேசியச் சகோதரியிடம், சில நாள் கழித்து ஒரு பச்சை உறையைக் கொடுத்துப் பெருநாள் காசு என்றோம். அவர் பணிவாக, "இபு, இது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கா, பெருநாளுக்கா?" என்று கேட்டார். நமக்கு நா எழவில்லை. ஒரே காசைக் கொண்டு கடனையும் அடைத்து நல்ல பெயரும் வாங்கப் பார்த்திருக்கிறோம் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்குரியதைத் தனி உறையில் கொடுத்தோம்.

இரண்டாம் பாடம்: அவர் நாட்டு வழக்கத்தை அறிதல்

இந்தோனேசியாவில் 'துன்ஜாங்கான் ஹாரி ராயா' என்ற பெருநாள் படி உண்டு. ஓராண்டு வேலை செய்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்தை, பெருநாளுக்கு 7 நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டுமென்பது அந்நாட்டு விதி. பிலிப்பீன்ஸில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்பது 1975-இல் சட்டமாகி, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டு வேலை செய்வோருக்கும் உறுதியாயிற்று. இங்கே அத்தகைய சட்டம் இல்லை. எனினும் நாம் பெரிய உபகாரமாக எண்ணிக் கொடுப்பது, அவர்கள் ஊரில் உரிமையாகக் கருதப்படுவது என்பதை மறக்கலாகாது.

இதிலிருந்து இன்னொன்றும் கற்கலாம். பெருநாள் காலையில் நாம் கொடுக்கும் காசு, அவருடைய தாயார் வீட்டு அடுப்புக்குப் பிந்தியே போய்ச் சேரும். பத்து நாள் முந்திக் கொடுத்தால் அவர் பிள்ளைக்கும் புதுச்சட்டை வரும். கொடுக்கும் தொகையைப் போலவே கொடுக்கும் நாளும் முக்கியம்.

எல்லோருக்கும் நம் பெருநாளே பெருநாள் என்றும் எண்ண வேண்டாம். பிலிப்பீன்ஸ் பெண்கள் பெரும்பாலோருக்குக் கிறிஸ்துமஸும், மியன்மாரிலிருந்து வந்த பௌத்தர்களுக்கு ஏப்ரலில் வரும் திங்யான் புத்தாண்டும் விசேஷமானவை. அந்த நாளை நினைவு வைத்துக் கொடுப்பதே பாதிப் பரிசு.

மூன்றாம் பாடம்: பொருளைத் தேர்தல்

காசே பலருக்கு மிகவும் பயன்படும். பொருளாகத்தான் கொடுக்க விரும்பினால், அது அவருக்கு உரியதாக இருக்கட்டும். புதுச் சட்டியும் இஸ்திரிப் பெட்டியும் நம் வீட்டுக்கு வாங்கியவையேயன்றி அவருக்கு வாங்கியவை அல்ல. துணியானால் அவரையே உடன் அழைத்துச் சென்று நிறமும் அளவும் பார்க்கச் செய்யலாம். ஊர் திரும்புபவருக்குக் கனத்த பாத்திரங்களைக் கட்டிக் கொடுத்தால், விமான நிலையத்தில் எடை மிகுந்து அவரே தவிக்க நேரிடும். சிறியதும் இலேசானதும் நல்லது.

தோடு, மோதிரம், கைப்பேசி போன்றவற்றைக் கொடுத்தால் கடை ரசீதையும், "இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தோம்" என்று கையெழுத்திட்ட சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய பொருளானாலும் அப்படியே. திருடியதாகத் தண்டிக்கப்பட்ட ஓர் இந்தோனேசியப் பணிப்பெண்ணைச் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் விடுவித்தது. அவ்வழக்கில் சில பொருள்கள் வீட்டார் வேண்டாமென்று எறிந்தவை என்று அவர் சொல்லியிருந்தார். வாயால் மட்டும் கொடுத்த பொருளுக்கு அவரிடம் சாட்சி இராது. ஒரு சிறு சீட்டு அவருடைய மானத்தைக் காக்கும்.

நான்காம் பாடம்: வெளியே பார்த்துக்கொள்பவர்கள்

பக்கத்து அடுக்கு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, பராமரிப்பு நிலையத்து ஆசிரியைகள், பள்ளிப் பேருந்தில் கைப்பிடித்து ஏற்றிவிடும் அக்காள் ஆகியோரும் நம் நன்றிக்கு உரியவர்களே. நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் பரிசு பற்றிய விதிகள் இருக்கும். விலையுயர்ந்த பொருள் ஆசிரியரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். அங்கே பிள்ளை தன் கையால் எழுதிய கடிதமும், எல்லோரும் பகிர்ந்து உண்ணும் பலகாரப் பெட்டியும் போதும். ஒருவரை மட்டும் கவனித்துச் சமையற்காரரையும் துப்புரவு செய்பவரையும் விட்டுவிடுவது முறையாகாது.

முடிவுரை

விருந்தினர் முன்னிலையில் கொடுத்து விளம்பரப்படுத்துவதும், பின்னொரு நாள் கோபத்தில் "உனக்கு எவ்வளவு செய்தோம்" என்று சொல்லிக் காட்டுவதும் கொடையைக் கெடுத்துவிடும். பிள்ளையின் கையாலேயே, பெயர் சொல்லி, இரு கைகளாலும் கொடுக்கச் செய்வோம். நன்றி சொல்லும் பழக்கத்தைப் பிள்ளை அப்படித்தான் கற்கும்.

இப்பெருநாளுக்குக் கடைக்குப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். அவருக்குச் சேர வேண்டியது முழுதும் சேர்ந்துவிட்டதா? இந்தப் பொருள் அவருக்கா, நமக்கா? உரிய வேளையில் அவர் வீட்டைச் சென்றடையுமா? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், பத்து வெள்ளிப் பரிசும் பெரும் பரிசே.