சி மொழிப் பாடம்: சொல்லைத் தேடு, மாற்று

1995-இல் பம்பாய் மும்பை ஆயிற்று. 2001-இல் நம் கல்கத்தா கொல்கத்தா ஆயிற்று. பழைய மலர்களிலிருந்து கணிப்பொறியில் ஏற்றிய நம் சங்க உறுப்பினர் பட்டியலில் மட்டும் இன்னும் பழைய பெயர்களே இருக்கின்றன. அதைத் திருத்த நான் எழுதிய சிறு நிரலையே இம்முறை பாடமாகத் தருகிறேன். கல்லூரியில் சி மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

டென்னிஸ் ரிட்ச்சி பெல் ஆய்வுக்கூடத்தில் 1972 வாக்கில் உருவாக்கிய சி மொழியில், ஒரு சொல்லைத் தேடித் தரும் 'ஸ்டர்ஸ்டர்' என்ற செயற்கூறு உண்டு. ஆனால் தேடி மாற்றித் தரும் செயற்கூறு அதன் நூலகத்தில் கிடையாது. அதை நாமேதான் எழுத வேண்டும்.

முதலில் ஓர் அளவுக் கணக்கு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் பிடிக்கும். 'கல்கத்தா'வில் க, ல, புள்ளி, க, த, புள்ளி, த, கால் என 8 குறிகள்; ஆக 24 பைட். 'கொல்கத்தா'வில் 'கொ'வின் ஒகரக் குறி ஒன்று கூடுவதால் 9 குறிகள்; 27 பைட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 3 பைட் கூடுகிறது. பழைய இடத்திலேயே புதுச் சொல்லை எழுதினால் அது அடுத்த எழுத்தின் மேல் ஏறிவிடும். பட்டியலின் கடைசி வரியில் அப்படி நேர்ந்தால் நினைவகத்தில் பக்கத்திலிருக்கும் வேறு தகவலும் கெடும்.

ஆகவே தையற்காரர் போல, அளந்த பிறகே வெட்ட வேண்டும். உரையை இரண்டு முறை நடந்து வருவோம்.

1. முதல் நடையில் எதையும் மாற்றாமல், பழைய சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

2. தேவையான இடத்தைக் கணக்கிடுங்கள். உரை 3,000 பைட், சொல் 10 இடங்களில் வருகிறது என்றால்: 3,000 − (10 × 24) + (10 × 27) + 1 = 3,031. கடைசி 1, உரை முடிந்ததைக் காட்டும் சுழியத்துக்கு. இதை மறப்பவர்கள் பலர்.

3. 'மாலாக்' மூலம் அவ்வளவு இடம் கேளுங்கள். கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும்.

4. இரண்டாம் நடையில், பழைய சொல்லுக்கு முன்பு வரையுள்ள பகுதியைப் புது இடத்தில் படியெடுங்கள். அடுத்துப் புதுச் சொல்லை எழுதுங்கள். பழைய சொல்லைத் தாண்டிக்கொண்டு தேடலைத் தொடருங்கள். முடிவில் மிஞ்சிய பகுதியையும் சுழியத்தையும் சேருங்கள்.

தேடல் எப்போதும் மூல உரையில்தான் நடக்க வேண்டும். 'பாட்டு' என்பதை 'நாட்டுப்பாட்டு' என்று மாற்றும்போது, மாற்றிய உரையிலேயே மீண்டும் முதலிலிருந்து தேடினால் புதுச் சொல்லுக்குள் பழைய சொல் அகப்படும். நிரல் முடிவே இல்லாமல் சுழலும். தேடுசொல் வெறுமையாக இருந்தாலும் இதே கதிதான். அதை முதல் வரியிலேயே தடுத்துவிடுங்கள்.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 'கல்கத்தாவில்' என்பது இந்த நிரலால் 'கொல்கத்தாவில்' என்று சரியாக மாறும். ஆனால் 'பம்பாய்' என்று தேடினால் 'பம்பாயில்' அகப்படாது. 'ய்' என்பது ய-வும் புள்ளியும். 'பம்பாயில்' என்ற சொல்லிலோ ய-வை அடுத்து வருவது இகரக் குறி. 'பம்பாயில் – மும்பையில்' என்பதைத் தனி இணையாகவே கொடுக்க வேண்டும்.

இனி மிக முக்கியமானது. ஊர்ப் பெயர் மாறினாலும் கல்கத்தா பல்கலைக்கழகமும் கல்கத்தா உயர்நீதிமன்றமும் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இங்கே பட்டம் பெற்ற நம் பெரியவர் ஒருவரின் குறிப்பில் இல்லாத பல்கலைக்கழகத்தின் பெயரை நாம் எழுதிவிடக் கூடாது. எனவே சொல் அகப்பட்டவுடன் அதை அடுத்து வரும் சொல்லையும் 'ஸ்டர்என்கம்ப்' கொண்டு ஒப்பிட்டு, இவை வந்தால் விட்டுவிடச் செய்தேன். இந்தச் சோதனை இரண்டு நடையிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லையேல் அளவுக் கணக்கு பொய்த்துவிடும்.

'பிறந்த ஊர்' என்ற பத்தியை நிரலுக்குக் கொடுக்கவே இல்லை. 1985-இல் இங்கே பிறந்த குழந்தையின் சான்றிதழில் உள்ள பெயரே நம் பட்டியலிலும் இருப்பதுதான் முறை. எதை மாற்ற வேண்டும் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

பயிற்சி: 3,000 பைட் உரையில் 'பம்பாய்' 10 இடங்களில் வருகிறது. எல்லாவற்றையும் 'மும்பை' ஆக்க எத்தனை பைட் இடம் வேண்டும்? குறிகளை எண்ணிப் பாருங்கள். 2,971 என்று வந்தால் பாடம் புரிந்துவிட்டது.