ஒடிஸியஸும் மார்லினும்: ஓர் ஒப்பாராய்ச்சி

தோற்றுவாய்

வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் எழுந்த இரண்டு கதைகளை அருகருகே வைத்து நோக்குதல் இலக்கியப் பயிற்சியில் சிறந்ததொரு முறையாகும். ஒன்றில் நாம் கவனியாது விட்டதை மற்றொன்று எடுத்துக் காட்டும். ஒற்றுமை காண்பதோடு நின்றுவிடாது வேற்றுமையையும் அதன் காரணத்தையும் ஆராயுமிடத்தே இம்முறை முழுப்பயன் தருவதாம்.

ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட கதைத் தலைவர் இருவர். ஒருவன், கிரேக்க மகாகவி ஹோமர் இயற்றியதாகக் கொள்ளப்படும் ஒடிஸி என்னும் காவியத்தின் நாயகனாகிய ஒடிஸியஸ். மற்றையவன், 2003ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஸ்டான்டன் என்பாரின் இயக்கத்தில் அமெரிக்க நாட்டுப் பிக்ஸார் நிறுவனத்தார் வெளியிட்ட 'பைண்டிங் நீமோ' என்னும் சித்திரப் படத்தின் நாயகனாகிய மார்லின். முன்னவன் இதாக்காத் தீவின் மன்னன். பின்னவன் பவளப்பாறையிடையே வாழும் சிறு கோமாளி மீன்.

மன்னனையும் மீனையும் ஒரே தராசில் இடுவதோ என நகைப்பாரும் உளர். ஆயின் கதைத் தலைவனின் பெருமை அவன் உருவத்தாலும் குடிப்பிறப்பாலும் மட்டும் அமைவதன்று. அவன் எதற்கு அஞ்சுகிறான், எதன் பொருட்டு அவ்வச்சத்தைக் கடக்கிறான் என்பதே அவனை அளக்கும் கோலாகும். அக்கோல் கொண்டு அளக்குங்கால் இவ்விருவரும் ஒருவரையொருவர் விளக்கி நிற்றலைக் காணலாம்.

கதைப் போக்கு

ஒடிஸி 24 காண்டங்களும் 12,000க்கு மேற்பட்ட அடிகளும் உடைய பெருநூல். எனினும் அதன் அடிப்படைக் கதை மிகச் சிறிதே என்பதை அரிஸ்டாட்டில் தமது கவிதையியல் நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். அவர் உரைப்பதன் சாரம் வருமாறு: ஒருவன் பல்லாண்டுகள் வீட்டைப் பிரிந்து தனியனாய் அலைகிறான், கடல் தெய்வம் அவன் மீது கண்ணாயிருக்கிறது, வீட்டிலோ அவன் மனைவியை மணக்க விரும்பி வந்தோர் அவன் பொருளை அழித்து, அவன் மகனுக்கும் கேடு சூழ்கின்றனர், அவன் துன்புற்று மீண்டு, தன்னை வெளிப்படுத்திப் பகைவரை அழித்து உய்கிறான். எஞ்சியனவெல்லாம் கிளைக்கதைகள்.

படக்கதையையும் அவ்வாறே சுருக்கிக் கூறலாம். சீலா மீன் ஒன்று தாக்கியதால் ஒரே நாளில் மனைவியையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் இழந்த ஒருவன், எஞ்சிய ஒரு முட்டையிலிருந்து பிறந்த மகனைக் கண்ணை இமை காப்பதுபோற் காக்கிறான். மகனுக்கு வலப்புறத் துடுப்பு சிறுத்திருப்பதால் அவன் அச்சம் இரட்டிக்கிறது. பள்ளிக்குச் செல்லும் முதல் நாளிலேயே, தந்தையின் கடுங்காவலைப் பொறாத மகன் திறந்த கடலை நோக்கி நீந்துகிறான். அங்கே மூழ்கி நின்ற பல் வைத்தியர் ஒருவர் அவனைப் பிடித்துச் சென்று, சிட்னி நகரில் உள்ள தம் மருத்துவ அறையின் கண்ணாடித் தொட்டியில் இடுகிறார். தந்தை கடலெல்லாம் தேடிச் சென்று மகனை மீட்டு வருகிறான். சுறாக்களும், சொறிமீன் கூட்டமும், ஆமைகளும், திமிங்கிலமும் இதன் கிளைக்கதைகள்.

ஒற்றுமைகள்

இருவரும் கடலோடிகள் என்பது வெளிப்படை. இருவரும் புகழ் நாடிப் புறப்பட்டவரல்லர். ஒடிஸியஸ் நாடுவது வீடு. காலிப்ஸோ என்னும் தேவமங்கை ஏழாண்டுகள் தன் தீவில் அவனை நிறுத்தி வைத்து, சாவாமையும் மூவாமையும் தருவதாகக் கூறியும், அவன் தன் மனைவியையும் பாறை மிகுந்த தன் தீவையுமே விரும்பினான். மார்லின் நாடுவது மகன் ஒருவனையே.

பெயரிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒற்றைக்கண் அரக்கனாகிய பாலிபீமஸின் குகையில் அகப்பட்டபோது ஒடிஸியஸ் தன் பெயரை 'ஊடிஸ்' என்று கூறித் தப்பினான். 'ஒருவனும் இல்லை' என்பது அதன் பொருள். அதே பொருளைத் தரும் இலத்தீன் மொழிச் சொல்லே 'நீமோ'. 1870ஆம் ஆண்டில் நூல்வடிவில் வெளிவந்த ஜூல்ஸ் வெர்னின் கடற்கதையில் வரும் கப்பல் தலைவனுக்கும் இதுவே பெயர். படத்தை ஆக்கியோர் ஹோமரை உன்னித்தான் இப்பெயரை இட்டனர் என்று யாம் சாதிக்க முன்வரவில்லை. ஆயினும் ஒரு கதையில் தந்தை தன்னை மறைத்துக்கொள்ளப் பயன்பட்ட சொல், மற்றொரு கதையில் தந்தை தேடித் திரியும் மகனின் பெயராக அமைந்தமை சிந்திக்கத்தக்கது.

மூன்றாவது ஒற்றுமை இவற்றினும் ஆழமானது. தந்தையைப் பற்றிய செய்தி மகனை உருவாக்குதலே அது. ஒடிஸியின் முதல் நான்கு காண்டங்களில் ஒடிஸியஸ் பேசும் காட்சி ஒன்றேனும் இல்லை; டெலிமாக்கஸ் என்னும் அவன் மகனையே காண்கிறோம். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையைப் பிரிந்தவன் அவன். வீட்டில் புகுந்து உண்டு களிக்கும் அந்நியரை விலக்க ஆற்றலின்றி வாடியிருந்தவன், தந்தையின் செய்தியைத் தேடிப் பைலாஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பயணஞ் செய்து, ஆண்மை பெற்றுத் திரும்புகிறான். படத்திலும் இதுவே நிகழ்கிறது. ஆமைகள் கூறிய மார்லினின் கதை மீன்வாயினும் பறவை வாயினும் பரவி, இறுதியில் கூழைக்கடா ஒன்றின் மூலம் தொட்டியில் உள்ள நீமோவுக்கு எட்டுகிறது. கோழை என்று தான் கருதிய தந்தை சுறாக்களையும் எதிர்கொண்டு வருகிறான் என்று கேட்ட மாத்திரத்தில், முன்னர்ச் செய்ய அஞ்சிக் கைவிட்ட அருஞ்செயலை நீமோ செய்து முடிக்கிறான். தந்தை அருகில் இல்லாதபோதும் அவன் செயல் மகனுக்கு ஆசானாக நிற்கிறது என்பதில் இரு கதைகளும் ஒருமித்துள்ளன.

பற்றுதலும் விடுதலும்

இனி வேற்றுமைக்கு வருவோம். ஒடிஸியஸின் தலையாய பண்பு எதனையும் எளிதில் நம்பாமை. காற்றின் தலைவனாகிய ஏயோலஸ் கொடுங்காற்றுகளை ஒரு தோற்பையில் அடைத்து அவனிடம் தந்தபோது, அப்பையில் உள்ளது யாது என்பதை அவன் தன் தோழர்க்கு உரைக்கவில்லை. ஒன்பது நாள் இரவும் பகலும் பாய்க்கயிற்றைத் தானே பிடித்திருந்தான்; பிறர் கையில் கொடுத்திலன். பத்தாம் நாள் தாய்நாட்டின் கரை கண்ணுக்குத் தெரிந்த வேளையில் களைப்பால் உறங்கிவிட்டான். பையிற் பொருள் இருப்பதாக எண்ணிய தோழர் அதனை அவிழ்த்தனர். கப்பல்கள் மீண்டும் நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டன. ஒருவரையேனும் நம்பியிருந்தால் அன்றே வீடு சேர்ந்திருப்பான் அன்றோ?

மற்றொரு நிகழ்ச்சி. கப்பலும் தோழரும் அழிந்தபின், நீரை விழுங்கி உமிழும் காரிப்டிஸ் என்னும் பெருஞ்சுழியின் மேல் அவன் தனியனாய் அகப்படுகிறான். சுழியின்மேல் நீண்டிருந்த அத்திமரத்தைப் பற்றி வௌவால் போலத் தொங்குகிறான். விழுங்கப்பட்ட மரத்துண்டுகள் மீண்டும் மேலே வந்து தோன்றும்வரை பிடியைத் தளர்த்தவில்லை. கண்ட பின்னரே கைவிட்டு, அவற்றின் அருகே குதித்தான்.

இதனோடு திமிங்கிலத்தின் வாயுள் அகப்பட்ட மார்லினின் நிலையை ஒப்பிடுக. நீர் வடிந்துகொண்டிருக்கிறது. அவனும் டோரி என்னும் நீலநிற மீனும் திமிங்கிலத்தின் நாவைப் பற்றித் தொங்குகின்றனர். டோரியோ சற்றுமுன் கேட்டதையும் மறந்துவிடும் இயல்பினள். பிடியை விடுமாறு திமிங்கிலம் கூறுவதாக அவள் சொல்கிறாள். தீங்கு நேராது என்பதற்கு உறுதி உண்டோ என்று மார்லின் வினவ, அவள் தனக்குத் தெரியாது என்று மறையாது கூறுகிறாள். அவன் பிடியை விடுகிறான். திமிங்கிலம் நீரை ஊதி அவர்களைச் சிட்னித் துறைமுகத்தில் சேர்க்கிறது.

ஒடிஸியஸ் கண்ட பின் கைவிட்டான்; மார்லின் காணாமலே கைவிட்டான். இரு நாயகர்க்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இவ்விரு காட்சிகளில் அடங்கியுள்ளது எனலாம். ஒருவனைக் காப்பது பற்றுதல். மற்றவனைக் காப்பது விடுதல்.

தந்தையும் மகனும்

இவ்வேறுபாடு மகனிடத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே நம் ஆராய்ச்சியின் முடிவான வினா.

ஒடிஸியின் 21ஆம் காண்டத்தில் வில்வளைக்கும் போட்டி நிகழ்கிறது. இரவலன் வேடத்தில் ஒடிஸியஸ் அவையில் அமர்ந்துள்ளான். அவன் வில்லை நாணேற்ற டெலிமாக்கஸ் முதலில் முயல்கிறான். மும்முறை முயன்றும் முடியவில்லை. நான்காம் முறை நாணேற்றியே இருப்பான் என்று கவி கூறுகிறார். அவ்வேளையில் ஒடிஸியஸ் தலையசைத்துத் தடுக்கிறான். மகன் வில்லைக் கீழே வைத்து, தான் வலியற்றவன் என்று அவையோர் கேட்கச் சொல்லிக்கொள்கிறான். வெற்றிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்ற மகனைத் தந்தையின் சூழ்ச்சித் திறம் நிறுத்திவிட்டது.

படத்தின் இறுதியிலோ டோரியும் எண்ணற்ற மீன்களும் வலையில் அகப்படுகின்றனர். எல்லா மீன்களும் ஒருமித்துக் கீழ்நோக்கி நீந்தினால் வலை அறும் என்பதை நீமோ அறிவான். சிற்றுடலன் ஆதலின் வலைக்கண் வழியே உட்புகவும் வல்லான். மார்லின் தடுக்கிறான், இழந்து தேடிப் பெற்ற மகனை மீண்டும் இழக்க எந்தத் தந்தை ஒருப்படுவான்? ஆயினும் மகன் முகத்தை நோக்கி, அவனால் ஆகும் என்று ஒப்பி, அவனை வலைக்குள் போக விடுகிறான். கதைத் தொடக்கத்தில் 'உன்னால் ஆகாது' என்ற தந்தை அவனே. கடல் முழுவதும் கடந்து அவன் பெற்ற கல்வி இந்த ஒரு கணத்தில் விளங்குகிறது. சுறாவை எதிர்த்தது அவன் வீரத்தின் தொடக்கம். மகனைப் போகவிட்டதே அதன் நிறைவு என்பது எம் துணிபு.

இதனால் மீன் மன்னனை வென்றது என்று முடிவு கட்டுதல் நீதியாகாது. ஒடிஸியஸின் ஐயப்பாட்டிற்குத் தக்க காரணம் உண்டு. அவன் வீட்டில் புகுந்திருந்த பகைவர் 108 பேர். டிராய் நகரப் போரில் வென்று மீண்ட அகமெம்னான் மனைவியாலும் அவள் காதலனாலும் கொல்லப்பட்ட செய்தியை, இறந்தோர் உலகில் அவன் வாய்மொழியாகவே ஒடிஸியஸ் கேட்டிருந்தான். மறைந்து செல்க என்ற அறிவுரையும் பெற்றிருந்தான். அத்தகையவன் அவையோர் நடுவே ஒரு கணம் முந்தினும் தானும் மகனும் மாள நேரிடும். மகனைத் தடுத்த தலையசைப்பு அன்பின்மையால் எழுந்ததன்று.

அன்றியும் காவியம் அவ்விடத்தோடு முடியவில்லை. பின் நிகழ்ந்த போரில், படைக்கல அறையின் கதவைச் சாத்தாமல் வந்ததால் பகைவர் ஆயுதம் பெற்றனர். அது தன் பிழையே என்று டெலிமாக்கஸ் தானே எடுத்துரைக்க, தந்தை ஒரு சொல்லும் கடிந்திலன். இறுதிக் காண்டத்தில் பாட்டன் லேயர்ட்டிஸும் தந்தையும் மகனும் ஒருங்கே படை தாங்கி நிற்கின்றனர். மகனும் பேரனும் வீரத்தில் ஒருவரையொருவர் விஞ்ச முனைவதைக் கண்டு கிழவர் உவக்கிறார். ஆகவே ஹோமரும் மகனை மறந்தாரல்லர். ஒடிஸியஸ் மகனைத் தன் அருகில் நிறுத்திக்கொள்ளும் அளவிற்கு வந்தான். மார்லின் மகனைத் தான் புக முடியாத இடத்திற்குத் தனியே அனுப்பும் அளவிற்கு வந்தான். இவ்வளவே வேறுபாடு.

முடிவுரை

இவ்வேறுபாடு இரண்டு உலகங்களின் வேறுபாடுமாகும். ஹோமர் காட்டும் உலகில் வீடு என்பது வாளால் காக்கப்படுவது. அதனைக் காப்பவன் விழிப்பு ஒன்றையே துணையாகக் கொள்ளவேண்டும். அவ்வுலகில் மகன் தந்தையின் குலத்தையும் நிலத்தையும் ஏற்று நடத்த வேண்டியவன். நம் காலத்துப் பிள்ளைகள் பலர் தந்தை அறியாத தொழிலையும் தந்தை காணாத ஊரையும் நாடிச் செல்கின்றனர். அவர்களைப் பெற்றோர்க்கு ஒடிஸியஸின் விழிப்பு மட்டும் போதாது. மார்லினின் துணிவும் வேண்டும்.

இக்கல்லூரிக்கு ஆண்டுதோறும் புதிதாய் வந்து சேரும் மாணவர் ஒவ்வொருவர் பின்னும், பிடியை விட்ட கைகள் இரண்டேனும் உள. தீங்கு நேராது என்ற உறுதி அக்கைகளுக்கு எவரும் அளித்ததில்லை. மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக. பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று எள்ளுதல் எளிது. அவ்வச்சத்திற்குப் பின்னே எந்த இழப்பு உள்ளதென்று வினவுதல் அரிது. நீமோ தன் தந்தையைக் கோழை என்றெண்ணியதும் அவன் கதையை அறியாததனாலேயே.

படத்தைக் கண்டு மகிழ்ந்தோர் ஒடிஸியையும் ஒருமுறை முழுமையாகக் கற்பாராக. காவியம் கற்றோர், சிறுவர்க்கானது என்று ஒதுக்கிய படத்தையும் ஒருமுறை கருத்தூன்றிக் காண்பாராக. வீடு திரும்புதல் என்பது இழந்ததை மீட்டல் மட்டுமன்று, மீட்டதைத் தக்க காலத்தில் விடக் கற்றலுமாகும் என்பதை இரண்டும் கூடி நமக்கு உணர்த்தும்.