பி.எஃப். பிடித்தார்கள், விவரம் சொல்லவில்லை



இன்னும் சில மாதங்களில் டிப்ளமோ சான்றிதழை வாங்கிக்கொண்டு பீளமேடு, கணபதி, குறிச்சி என்று வேலை தேடிப் போகப்போகிறோம். இண்டர்வியூவில் நம்மில் பலர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "கைக்கு எவ்வளவுங்க வரும்?" கைக்கு வராமல் பிடிக்கப்படும் பணத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கம்மா நூல் மில்லில் சைடர் வேலை பார்த்தவர். ஒரு மில்லில் 4 வருஷம், அடுத்ததில் 5, கடைசியில் 3. ஆக 12 வருஷம். ஒவ்வொரு மில்லை விட்டு நின்றபோதும் பி.எஃப். பணத்தை முழுசாக எடுத்துவிட்டார். முதல் பணம் கல்யாணச் செலவுக்கு. இரண்டாவது வீட்டுக்கு ஓடு மாற்ற. மூன்றாவது என் முதல் வருஷ ஃபீஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்தவன் நான்தான். வந்ததே அந்தப் பணத்தில்தான்.

போன லீவில் கேட்டேன், "ஏம்மா, பென்ஷன் பணத்தையும் சேர்த்தா எடுத்தீங்க?"

"பென்ஷனா? ரெண்டு காயிதத்தை நீட்டி கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன் கண்ணு. அதுல என்ன இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

சட்டம் என்ன சொல்கிறது?

வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. முதலில் சேர்க்கப்பட்ட ஆறு தொழில்களில் ஜவுளியும் ஒன்று. ஆகவே நம் கோவை மில் தொழிலாளர்களுக்கு இது தாத்தா காலத்துச் சங்கதி. இப்போது அது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. பென்ஷன் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2014-ல் நிர்ணயித்த உச்சவரம்பு அது. நம்மிடம் 12 சதவீதம், 1,800 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளியும் 1,800 கட்ட வேண்டும். அவர் பங்கில் 1,250 பென்ஷனுக்குப் போகும். மீதி 550 நம் பி.எஃப். கணக்கில் சேரும். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம்.

பென்ஷன் கணக்கு எளிது. சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000 சம்பளத்துக்கு 12 வருஷம் என்றால் மாதம் 2,571 ரூபாய். ஆனால் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் வேண்டும்.

இங்கேதான் அம்மா ஏமாந்தது. பத்து வருஷம் ஒரே மில்லில் இருக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொள்ளலாம். 10-சி படிவத்தில் "பணம் வேண்டாம், சர்வீஸ் சான்றிதழ் கொடுங்கள்" என்று கேட்கவும் இடம் உண்டு. பணமாக எடுத்தால் அந்த வருஷங்கள் அழிந்துபோகும். அம்மா 12 வருஷம் உழைத்தார்; பென்ஷன் கணக்கில் இன்று இருப்பது பூஜ்யம். சான்றிதழ் வாங்கியிருந்தால், சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்திருந்தாலும், 58 வயது முதல் 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச 1,000 ரூபாயாவது சாகும்வரை வரும்.

வெளிநாட்டில் என்ன கண்டார்கள்?

அமெரிக்காவில் ஒரு கம்பெனி, ஓய்வுக்காலச் சேமிப்பில் புதியவர்களைத் தானாகவே சேர்த்துவிட்டு, "வேண்டாமென்றால் விலகிக்கொள்" என்றது. சேர்ந்திருந்தவர் எண்ணிக்கை கூடிவிட்டது. ஆனால் கம்பெனி வைத்த 3 சதவீதத்திலேயே பலர் நின்றுவிட்டார்கள் என்று மேட்ரியன், ஷே இருவரும் 2001-ல் எழுதினார்கள். பிரிட்டனும் 2012 முதல் இம்முறையைக் கொண்டுவந்தது, பெரும்பாலோர் விலகவில்லை. மனிதன் எந்த வழியில் விடப்படுகிறானோ அந்த வழியிலேயே போகிறான் என்பதே பாடம்.

நம் நாட்டில் சேர்ப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. வேலையை விடும்போதோ கைக்கு முதலில் வருவது பணம் எடுக்கும் படிவம். எல்லோரும் அந்த வழியில் போகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக்குப் போனால் அந்தக் காலத்துக்கு பி.எஃப். கிடையாது. நிரந்தரமானதும் முதல் மாதமே சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. 12 இலக்க யு.ஏ.என். எண் ஒருவருக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியிலும் அதையே கொடுத்துப் பழைய கணக்கை மாற்றுங்கள்.

3. பிடித்ததைக் கட்டினார்களா என்று பாஸ்புக்கில் பாருங்கள். மிஸ்டு கால் கொடுத்தாலே இருப்பு தெரியும். சந்தேகம் என்றால் பாலசுந்தரம் ரோடு பி.எஃப். ஆபீசுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

4. அவசரத்துக்குப் பணம் எடுப்பது தப்பில்லை. பென்ஷன் சர்வீஸை மட்டும் தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாம் நாளை சூப்பர்வைசர் ஆவோம். அன்று வேலையை விட்டு நிற்கும் ஓர் அம்மாவிடம் படிவத்தை நீட்ட வேண்டி வரும். கையெழுத்து வாங்கும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஐந்து நிமிஷம் சொல்வோம். என் அம்மாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஐந்து நிமிஷம்தான்.