ருஷ்ய மொழி கற்க வெளிநாட்டில் ஒரு பருவம்

கடல் கடந்து வாணிபம் செய்ய வந்த நம்மவர்களுக்கு அயல்மொழி கற்பது புதிய காரியமன்று. நம் முன்னோர் மலாய் மொழியைப் பள்ளிக்கூடத்தில் அமர்ந்து கற்றவர்களல்லர். கடையில் நின்று, வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே கற்றார்கள். ஆனால் எந்த மொழி நம் தெருவில் ஒலிக்கவில்லையோ, அதை அவ்வாறு கற்க இயலாது. அது பேசப்படும் ஊருக்கு நாம்தான் செல்ல வேண்டும். ருஷ்ய மொழி அத்தகையது.

மொழிக்காக மட்டுமே ஒரு பருவம், அதாவது நான்கைந்து மாதம், வெளிநாடு சென்று தங்க விரும்பும் வாலிபர்கள் உண்டு. அவர்களுக்கும் செலவை ஏற்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்றே: வெறுங்கையுடன் செல்லாதீர்கள், முதலுடன் செல்லுங்கள். அம்முதலில் பெரும்பகுதி நம் தமிழிலேயே இருக்கிறது.

காலக் கணக்கு

அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு ருஷ்ய மொழி கற்பிக்க 44 வாரங்களும் 1,100 வகுப்பு மணி நேரமும் ஒதுக்குகிறது. ஒரு பருவத்தை 16 வாரம் என்றும், வாரத்திற்கு 20 மணி நேரம் வகுப்பு என்றும் வைத்துக்கொண்டால் கிடைப்பது 320 மணி நேரமே. இது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலின், ஒரே பருவத்தில் மொழி முழுதும் வந்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

அயல்நாட்டாருக்கு ருஷ்யாவில் நடத்தப்படும் மொழித் தேர்வில் பல படிகள் உண்டு. தொடக்க நிலைக்குச் சுமார் 780 சொற்களும், அடிப்படை நிலைக்கு 1,300 சொற்களும், முதற் சான்று நிலைக்கு 2,300 சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். ருஷ்ய மொழி வழியாகப் பட்டப்படிப்பில் சேர விரும்புவோர் எட்ட வேண்டியது இம்மூன்றாவது படி. முதற்படியை வீட்டிலேயே முடித்துச் செல்பவர் இரண்டாவதைக் கடந்து மூன்றாவதை நோக்கி நடக்கலாம். ஒன்றுமறியாமல் செல்பவரோ, அங்கே கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எழுத்தும் எண்ணும் கற்பதற்கே செலவிடுவார்.

எழுத்து

ருஷ்ய எழுத்துகள் 33. இரண்டு வாரத்தில் கற்றுவிடலாம். ஏமாற்றுபவை சில உண்டு. ஆங்கில ‘எச்’ போன்ற வடிவம் அங்கே ‘ந’ ஒலி. ‘பி’ போன்றது ‘ர’. ‘சி’ போன்றது ‘ஸ’. மேலும், அழுத்திச் சொல்லாத இடத்தில் ‘ஒ’ என்பது ‘அ’ போல ஒலிக்கும். ஆகவேதான் மாஸ்கோ நகரை அவர்கள் ‘மஸ்க்வா’ என்கின்றனர்.

தமிழ் தரும் முதல்

ஆங்கிலத்தின் வழியாக ருஷ்யம் கற்போர் அஞ்சும் இடங்கள் பலவற்றில் தமிழர் அஞ்ச வேண்டியதில்லை. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. ‘நான் ஆசிரியர்’ என்று நாம் வினைச்சொல் இல்லாமலே சொல்லி முடிக்கிறோம். அவர்களும் ‘யா உசீதெல்’ என்று இரண்டே சொற்களில் முடிக்கின்றனர்.

2. ‘எனக்கு வயது இருபது’ என்கிறோம். அவர்களும் ‘எனக்கு’ என்றே தொடங்கி, ‘ம்ந்யே த்வாத்ஸத் ல்யெத்’ என்பர்.

3. ‘என்னிடம் கடை இருக்கிறது’ என்னும் அமைப்பும் அங்கே அவ்வாறே உண்டு.

4. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடு அவர்களிடமும் உண்டு. பெரியவரை ‘தி’ என்று ஒருமையில் அழைப்பது பிழை. ‘வி’ என்றே அழைக்க வேண்டும்.

5. நமக்கு எட்டு வேற்றுமை, அவர்களுக்கு ஆறு. ‘பேனா’ என்பது நம்மிடம் ‘பேனாவால்’ ஆவதுபோல, அங்கே ‘ரூச்கா’ என்பது ‘ரூச்கய்’ ஆகும். சொல்லின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம்.

6. ‘வீடு பார்த்தேன்’ என்று உருபின்றிச் சொல்லலாம். ‘அண்ணன் பார்த்தேன்’ என்றால் பொருந்தாது, ‘அண்ணனை’ என்றே சொல்ல வேண்டும். ருஷ்யத்தில் ஆண்பாற் சொற்களுக்கு இதையொத்த விதி இருக்கிறது. உயிரற்ற ‘தோம்’ (வீடு) மாறாது நிற்கும். உயிருள்ள ‘ப்ராத்’ (சகோதரன்) ‘ப்ராதா’ என மாறும்.

சொற்களிலும் சில பழகியவையே. கடைக்கு அவர்கள் வழங்கும் ‘மகஸீன்’ என்னும் சொல், பண்டகசாலைகளைக் குறிக்கும் ‘மகாஸின்’ என்ற அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகள் வழியாகச் சென்று சேர்ந்தது. ‘பஸார்’, ‘சாய்’ என்பவற்றுக்கு விளக்கம் வேண்டா. அரசுக் கருவூலம் ‘கஸ்னா’. நம் கஜானாவும் அதுவும் ஒரே அரபு மூலத்தின. ‘ஸாஹர்’ என்பது நம் சர்க்கரைக்கு உறவு.

கடினமான இடங்கள்

நம்மிடம் ‘ஐ’ என்னும் உருபு எல்லாப் பெயர்க்கும் ஒன்றே. ருஷ்யத்தில் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஈறு வேறுபடும். முன்னுள்ள அடைமொழியும் உடன் மாறும். நாம் நடந்தாலும் வண்டியில் ஏறினாலும் ‘போனேன்’ என்கிறோம். அவர்களுக்கு நடந்து போவது ஒரு வினை, வண்டியில் போவது வேறு வினை.

எல்லாவற்றிலும் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது வினையின் நிறைவு. ‘ப்லதீல்’ என்றால் பணம் கொடுத்தார் அல்லது கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பொருள். கொடுத்துத் தீர்த்தாரா என்பது அச்சொல்லில் இல்லை. ‘ஸப்லதீல்’ என்றால்தான் கொடுத்துவிட்டார் என்று பொருள். முன்னே சேரும் ஓர் அசையில் பாக்கி நிற்கிறது! இவ்வேறுபாடு புத்தகத்தால் மட்டும் வராது. கேட்டுக் கேட்டே வரும். பருவத்தை இதற்குச் செலவிடுவதே லாபம்.

எங்கே செல்வது?

வோல்கா நதிக்கரையிலுள்ள கஸான் நகரின் பல்கலைக்கழகம் 1804-இல் நிறுவப்பட்டது. டால்ஸ்டாய் 1844-இல் அரபி, துருக்கி மொழிகள் பயில அங்கே சேர்ந்தார். தாத்தாரிய முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊராதலால் ஹலால் உணவுக்கும் ஜும்ஆவுக்கும் குறைவில்லை. 1766 முதல் 1770 வரை கட்டப்பட்ட மர்ஜானி பள்ளிவாசலும், 2005-இல் திறக்கப்பட்ட குல் ஷரீஃப் பள்ளிவாசலும் அங்கே உள்ளன.

ஆனால் 2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பின்னர் நிலைமை மாறியது. மேலைநாட்டுக் கல்லூரிகள் பல தம் மாணாக்கரை ருஷ்யாவுக்குப் பதிலாகக் கஸகஸ்தான், கிர்கிஸ்தான் முதலிய நாடுகளுக்கு அனுப்பலாயின. அவ்வாண்டு மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் ருஷ்யாவில் சேவையை நிறுத்தியதால் நம் வங்கி அட்டைகள் அங்கே செல்லா. சிங்கப்பூர் அரசும் சில ருஷ்ய வங்கிகளுக்குத் தடை விதித்தது. ஆகவே, பணம் அனுப்பும் வழியை வங்கியிலும், பயண எச்சரிக்கையை வெளியுறவு அமைச்சிலும் கேட்டறியாமல் எவரும் கட்டணம் கட்டலாகாது.

கிர்கிஸ்தானில் கிர்கிஸ் நாட்டுமொழி, ருஷ்யம் ஆட்சிமொழி. தலைநகர் பிஷ்கேக்கில் ருஷ்யம் எங்கும் பேசப்படுகிறது. அந்நகரின் தோர்தோய் சந்தையில் கப்பல் கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கீழே கடையும் மேலே சரக்கறையுமாக வைத்திருக்கின்றனர். விலை பேசும் மொழியைக் கற்க இதைவிட நல்ல வகுப்பறை வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு வேறு இராது.

அங்கே நடந்துகொள்ளும் முறை

நம் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தால் செலவு வீண். ருஷ்யம் பேசுபவருடன் தங்க வேண்டும். நாள்தோறும் ஒரு பொருளையாவது கேட்டு, விலை பேசி வாங்க வேண்டும். கேட்ட புதுச் சொற்களை அன்றிரவே குறிப்பேட்டில், தனித்தனியாக அல்லாமல் வாக்கியமாக, எழுத வேண்டும். கல்வியாண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வெகுவாக இறங்கும். கனத்த உடையும் காலணியும் அங்கேயே வாங்குவது நன்று.

15-ஆம் நூற்றாண்டில் அஃபனாஸி நிகிதின் என்னும் ருஷ்ய வணிகர் தக்காணத்துப் பீதர் நகர்வரை வந்து, குதிரை விற்று, கண்டவற்றை எழுதி வைத்தார். அவர் எழுத்தில் துருக்கி, பாரசீக, அரபிச் சொற்கள் இடையிடையே கலந்து வருகின்றன. பழகிய மக்களின் மொழி அவர் பேனாவில் தானே ஏறிவிட்டது.

பெற்றோர்களே! பிள்ளையை விமானம் ஏற்றுமுன், 33 எழுத்தும் 780 சொல்லும் கற்றாயா என்று கேளுங்கள். கற்றிருந்தால் மனமுவந்து அனுப்புங்கள். இல்லையேல் இன்னும் ஒரு பருவம் வீட்டில் படிக்கச் சொல்லுங்கள். காலம் தாழ்வதால் நட்டமில்லை. முதலின்றிப் போவதே நட்டம்.