பன்னாவைச் சொன்னீர்களா?

கேள்வி: தையல் பேட்டர்ன் வரையும் சீம்லி2டி மென்பொருளில் சுடிதார் டாப் வரைந்தேன். துண்டுகளை அதுவே அடுக்கும்போது துணி வீணாகிறதே?

பதில்: அது துணியில் அடுக்கவில்லை, தாளில் அடுக்குகிறது. லேஅவுட் அமைப்பில் தாளின் அகலமாகத் துணியின் பன்னாவை (துணி அகலத்தை) கொடுங்கள். 44 இன்ச் என்றால் கரைகளைக் கழித்துவிட்டு. நீளத்தைத் தாராளமாக விடுங்கள். தையல் பிடிப்பு துண்டிலேயே இருந்தால் துண்டுகளுக்கு இடையிலான இடைவெளியைக் குறைக்கலாம்.

துண்டைச் சுழற்ற அனுமதித்தால் நெருக்கமாக அமரும்தான். ஆனால் நெட்டு இழை சாய்ந்தால் டாப் முறுக்கிக்கொண்டு தொங்கும். அதனால் 180 டிகிரி மட்டும். பூக்கள் ஒரே பக்கம் பார்க்கும் துணி, வெல்வெட் என்றால் அதுவும் கூடாது.

கடைசி அடுக்கலை நான் மென்பொருளிடம் விடமாட்டேன். எஸ்விஜி கோப்பாக எடுத்து இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் கையால் நகர்த்துங்கள்; கை வளைவின் ஓரத்து இடுக்கில் கழுத்துப் பட்டி போய்விடும். துணியை மடிக்காமல் வெட்டுவதானால் ஒரு கையைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வைக்க வேண்டும்.